மூன்று வரிக் கட்டுரை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"கால் மணி நேரம் பேசுங்க சார்" என்று தலைமையாசிரியர் சொன்னார். தலைப்பு எதுவும் கொடுக்கவில்லை. கல்வியின் சிறப்பு, தாய்மொழியின் மேன்மை ஆகியவற்றைப் பற்றிப் பேசத் தகுதி உள்ளவர்கள் இந்த மேடையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய ஒரு சாதாரணத் தோட்டப் பள்ளி வாத்தியார். எனக்குத் தெரிந்தது என் வகுப்பும் என் குடும்பமும்தான். ஆகவே ஒரு வார விடுமுறையின் கதையைச் சொல்லப் போகிறேன். இரண்டே நாள் கதை. அதில் விருந்து உண்டு, அலைச்சல் உண்டு, டயர் பஞ்சர் உண்டு, கொட்டிப்போன மீன் கறியும் உண்டு. கடைசியில் நான் வெட்கித் தலைகுனிந்த இடமும் உண்டு. சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள்.

நடந்தது 2023ஆம் ஆண்டு. அப்போது நான் ஆறாம் ஆண்டுக்கு வகுப்பாசிரியர். வகுப்பில் மொத்தம் 9 பேர். கெடா மாநிலத்தில் நமக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை என்பது உங்களுக்குத் தெரியும். ஆற்றைத் தாண்டிப் பினாங்கு மாநிலத்துக்குள் போனால் சனியும் ஞாயிறும் விடுமுறை. என் அக்காள் புக்கிட் மெர்தாஜத்தில் இருக்கிறார். பெரியம்மா நிபோங் திபாலில் இருக்கிறார். எங்களுக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை அங்கே வேலை நாள். அங்கே ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமை இங்கே பள்ளி மணி அடித்துவிடும். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு நாளும் கலியாணம், காரியம், கூடுதல் வகுப்பு என்று ஏதாவது ஒன்றில் போய்விடும். இப்படியே நான் பெரியம்மாவைப் போய்ப் பார்க்காமல் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை, 'சென்ற வார விடுமுறை' என்று பிள்ளைகளுக்குக் கட்டுரை கொடுத்தேன். எல்லா வாத்தியார்களும் கொடுக்கிற தலைப்புதான். நான் படித்த காலத்திலும் இதுதான். எட்டுப் பேர் பக்கம் நிறைய எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் மூன்றே வரி எழுதிப் புத்தகத்தை மூடிவிட்டான். அவன் எழுதியது இதுதான்:

"சனிக்கிழமை நான் சோறு ஆக்கினேன். பாட்டி சாப்பிட்டது. வேறு எங்கும் போகவில்லை."

நான் என்ன செய்தேன்? சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'பாட்டி சாப்பிட்டது' என்பதில் 'சாப்பிட்டது' என்ற சொல்லை அடித்து, 'சாப்பிட்டார்' என்று திருத்தினேன். பேசும்போது நாம் எல்லாரும் "அம்மா சொல்லுச்சு, பாட்டி சாப்பிட்டுச்சு" என்றுதான் பேசுகிறோம். ஆனால் எழுதும்போது பெரியவர்களை அஃறிணையில் எழுதலாமா? கூடாது. பயிற்சிக் கல்லூரியில் படித்தவன் அல்லவா நான்! திருத்திவிட்டுக் கீழே, "இது கட்டுரையா? சோம்பல்! மறுபடியும் எழுது" என்று எழுதி, 20க்கு 4 என்று போட்டேன். மற்றப் பிள்ளைகளின் புத்தகங்களைத் திருத்த நேரமில்லாமல், ஒன்பதையும் ஒரு துணிப்பையில் போட்டுக் காடியின் பின்பெட்டியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த மூன்று வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் அதற்கு வருவேன்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் கலாட்டா. பாடாங் செராயில் என் மைத்துனர் புதுவீடு கட்டி அன்றைக்குப் பால் காய்ச்சினார். விடிவதற்கு முன்னே அங்கே இருக்க வேண்டும். என் மனைவி முதல் நாள் இரவே மறுநாள் பலகாரத்துக்கென்று மாவு ஆட்டி ஒரு சட்டி நிறைய வைத்திருந்தார். சட்டி சின்னது, மாவு கூட. விடியற்காலை நாலு மணிக்குச் சமையற்கட்டு விளக்கைப் போட்டால், மாவு பொங்கி வழிந்து, மேசையில் ஓடி, தரையில் இருந்த என் பள்ளிச் சப்பாத்துக்குள் இறங்கியிருக்கிறது. துடைக்கலாம் என்று குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை! "ஏங்க, நேத்து ராத்திரியே வாளியில பிடிச்சு வைங்கன்னு சொன்னேனே" என்றார். சொன்னார்தான். நான்தான் மறந்துவிட்டேன். ஒரு போத்தல் குடிதண்ணீரில் மாவையும் துடைத்து, நான்கு பேர் முகத்தையும் கழுவிக் கிளம்பினோம்.

பரிசுப் பொருளாகக் குத்துவிளக்கு வாங்கி ஒரு பெட்டியில் கட்டி வைத்திருந்தேன். அவசரத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கிக் காடியில் வைத்தேன். அங்கே பால் பொங்கி முடிந்து, எல்லாரும் கூடியிருக்கும்போது மைத்துனர் சந்தோஷமாகப் பெட்டியைப் பிரித்தார். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போக வேண்டிய நான்கு மணிச்சட்டங்களும் இரண்டு பலகை அழிப்பான்களும்! இரண்டு பெட்டியும் ஒரே அளவு. கூட்டத்தில் யாருக்கும் பேச்சு வரவில்லை. என் மாமியார்தான் நிலைமையைச் சமாளித்தார். "பரவாயில்ல, வாத்தியார் மாப்பிள்ள. இனிமே கணக்காக் குடும்பம் நடத்துங்கன்னு சொல்றாரு!" என்றார். வீடே சிரித்தது. அன்று சர்க்கரைப் பொங்கல், இட்லி, வடை, கேசரி என்று வயிறு புடைக்கச் சாப்பிட்டும் எனக்குத் தொண்டையில் அந்த மணிச்சட்டமே நின்றது. விளக்கு பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை இரண்டாம் கலாட்டா. காலையில் புறப்பட்டு, தீக்காம் பத்து வழியாக மூடா ஆற்றைத் தாண்டி, புக்கிட் மெர்தாஜம் போனோம். அக்காள் வீட்டில் மதியச் சாப்பாடு. மச்சான் காலையிலேயே பாசாருக்குப் போய்க் கடல் மீன் வாங்கி வந்திருந்தார். மீன் கறி, கோழிப் பெரட்டல், முருங்கைக்கீரை, ரசம், அப்பளம். சாப்பிட்டு முடித்ததும் அக்காள் ஒரு தூக்குச் சட்டியில் மீன் கறியை ஊற்றிக் கொடுத்தார். "பெரியம்மாவுக்கு நம்ம வீட்டு மீன் கறின்னா உசுரு. தம்பி, சாய்ச்சிடாமக் கொண்டு போ" என்றார். இரண்டு தடவை சொன்னார். நான் தலையாட்டினேன். வாத்தியார்கள் தலையாட்டினால் கேட்டுக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. பிள்ளைகள் மாதிரிதான்.

சிம்பாங் அம்பாட் தாண்டி, சுங்கை பாக்காப் வருவதற்குள் காடி ஒரு பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின் டயர் தரையோடு படுத்துக்கிடக்கிறது. மழைத் தூறல் வேறு. பின்பெட்டியில் இருந்த சாமான்களை எல்லாம் வெளியே இறக்கினால்தான் மாற்று டயரை எடுக்க முடியும். பிள்ளைகளின் துணிமணி, பழப்பை, பெரியம்மாவுக்கு வாங்கிய சேலை, கட்டுரைப் புத்தகப் பை, தூக்குச் சட்டி எல்லாவற்றையும் இறக்கினோம். சாலை ஓரத்தில் வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெரியவர் குடையோடு ஓடி வந்தார். என் பிள்ளைகளைக் கொட்டகைக்குள் உட்கார வைத்து, ஆளுக்கு இரண்டு பீசாங் கோரேங் கொடுத்தார். பிறகு என்னோடு குந்தி உட்கார்ந்து திருகாணியைக் கழற்றிக் கொடுத்தார். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். அவர் பெயரைக் கூட நான் கேட்கவில்லை. அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவரிடம் நின்று பலகாரம் வாங்காமல் போனதில்லை.

டயரை மாற்றியாகிவிட்டது. மழை வலுக்கிறது என்று சாமான்களை அள்ளித் திணித்தேன். தூக்குச் சட்டியைத் துணிப்பையின் மேல் வைத்தது யார் என்று எங்கள் வீட்டில் இன்று வரை வழக்கு நடக்கிறது. நான் என் மனைவி என்கிறேன். அவர் நான் என்கிறார். எங்கள் நாலு வயசு மகன் மட்டும், "அப்பாதான் வெச்சாரு" என்று சாட்சி சொல்கிறான். தீர்ப்பை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

நிபோங் திபாலில் பெரியம்மா வீட்டு வாசலில் காடியை நிறுத்தினேன். பெரியம்மா கைத்தடியோடு வெளியே வந்து, "பசியாறியாச்சா சாமி?" என்று கேட்டுக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். "என் தங்கச்சி மக வெச்ச மீன் கறி வாசம்ல இது!" என்றார். பின்பெட்டியைத் திறந்தேன். வாசம் இருந்தது, கறி இல்லை. சட்டி கவிழ்ந்து கிடந்தது. கறி முழுவதையும் கட்டுரைப் புத்தகங்கள் குடித்துவிட்டிருந்தன. அடியில் இரண்டு துண்டு மீன் மட்டும் மிச்சம். "பரவாயில்ல, மீன் இருக்குல்ல. குழம்பு நான் கூட்டிக்கிறேன்" என்று பெரியம்மா அந்த இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

இதுவரைக்கும் சிரிப்புக் கதை. இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

ஒன்பது புத்தகங்களையும் பெரியம்மா வீட்டு முன்கூடத்தில் விரித்துக் காற்றாடியைப் போட்டுக் காய வைத்தோம். பெரியம்மாவுக்கு அப்போது 78 வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது. ஆனால் புத்தகம் என்றால் ஒரு மரியாதை. "எல்லாம் உங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எழுதினதா? படிச்சுக் காட்டச் சொல்லு, கேப்போம்" என்று என் மகளைக் கூப்பிட்டார். அவளுக்கு ஏழு வயது. புதிதாகப் படிக்கக் கற்றவள். எதைக் கொடுத்தாலும் சத்தமாகப் படிக்கிற வயது. பெரிய கட்டுரைகளில் கறி ஊறி எழுத்து கலங்கியிருந்தது. தெளிவாக இருந்த பக்கம் ஒன்றுதான். அதில்தான் எழுத்தே குறைவாயிற்றே! அவள் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"சனிக்கிழமை... நான்... சோறு... ஆக்கினேன்."

பெரியம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். "சோறு ஆக்கினேன்னா எழுதியிருக்கு? சாப்பிட்டேன்னு இல்லையா?"

"ஆக்கினேன்னுதான் இருக்கு பாட்டி."

"யாருப்பா அந்தப் புள்ள? எத்தனை வயசு?" என்று என்னைக் கேட்டார். பன்னிரண்டு என்றேன். "அவங்க அம்மா எங்க போச்சு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "சரி, படி" என்றார்.

"பாட்டி... சாப்பிட்டார்" என்று மகள் என் சிவப்புத் திருத்தத்தைச் சேர்த்தே படித்தாள்.

"பாட்டி சாப்பிட்டுச்சு. சரி. அவன் சாப்பிட்டானா?"

நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அவன் சாப்பிட்டதாக எழுதவே இல்லை.

"வேறு... எங்கும்... போகவில்லை" என்று மகள் மூன்றாவது வரியை முடித்தாள். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க போவான்? படுத்த கிழவியப் போட்டுட்டு எங்க போக முடியும்?" என்று சொல்லிவிட்டு, "கீழே செவப்புல என்னமோ எழுதியிருக்கே, அது என்ன?" என்று கேட்டார்.

என் மகள் அதையும் படித்துவிட்டாள்.

நண்பர்களே, நான் எத்தனையோ மேலதிகாரிகளுக்கு முன்னால் பாடம் நடத்தியிருக்கிறேன். குறை சொல்லி அறிக்கை எழுதியவர்களும் உண்டு. ஆனால் அந்த முன்கூடத்தில் மீன் கறி வாசத்துக்கு நடுவே நின்றபோது பட்ட வெட்கம் வேறு எங்கும் பட்டதில்லை. அந்தப் புத்தகத்தை நான் கண்ணால் படித்திருந்தேன். ஒற்றுப்பிழை பார்த்தேன், திணை பார்த்தேன், வரியை எண்ணினேன். எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மா காதால் ஒரு தடவை கேட்டார். மூன்று வரியிலும் இருந்த மூன்று சேதியையும் எடுத்துவிட்டார்.

அவருக்கு எப்படித் தெரிந்தது? அதையும் அன்றைக்குத்தான் சொன்னார். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

1948 முதல் 1960 வரை இந்த நாட்டில் அவசர காலம் இருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று பல இடங்களில் உணவுக் கட்டுப்பாடு வந்தது. அரிசி அளந்துதான் கிடைத்தது. அப்படிப்பட்ட இடங்களில், பால் வெட்டப் போகிறவர்கள் வேலைக்காட்டுக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகத் தடை. வெளியே போகும்போது வாசலில் சோதனை. எங்கள் பாட்டி விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று, வெறும் வயிற்றோடு கித்தாக் காட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு உச்சி வெயிலில்தான் வீட்டுக்கு வருவார். வரும்போது சோறு இருக்க வேண்டும். வீட்டில் மூத்தவர் பெரியம்மா. எட்டு வயது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது.

"பள்ளிக்கூட மணி சத்தம் லயத்துக்குக் கேக்கும். ஆனா அடுப்ப விட்டுட்டு எப்படிப் போறது? உங்கம்மா இடுப்புல இருக்கும். மூணு வயசு" என்றார்.

அவர் இடுப்பில் இருந்த அந்த மூன்று வயதுக் குழந்தைதான் என் தாயார். பெரியம்மா அடுப்படியில் நின்றதால்தான் என் தாயார் பிறகு பள்ளிக்கூடம் போக முடிந்தது. ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தார். எனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது என் தாயார்தான். அவர் காலமாகிவிட்டார். என்னுடைய பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே எட்டு வயசுப் பிள்ளை ஒன்று ஆக்கிய சோறு இருக்கிறது என்பது எனக்கு முப்பது வயசுக்கு மேல்தான் தெரிய வந்தது. அதுவும் ஒரு சட்டி கவிழ்ந்ததால்!

கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒரு பிள்ளைக்கு வீட்டில் சோறு ஆக்கவும், தம்பி தங்கச்சியைத் தூக்கவும் வேறு ஆள் வேண்டும் என்பதற்குச் சட்டம் ஏது? அதை அக்கம்பக்கத்தவர்கள்தான் பார்க்க வேண்டும், வாத்தியார்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

அன்று இரவு பெரியம்மா கூட்டிய புதுக் குழம்பில் அந்த இரண்டு துண்டு மீனையும் ஏழு பேர் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். வீடு திரும்ப நடுச்சாமம் ஆகிவிட்டது. பிள்ளைகள் பின்னால் தூங்கிவிட்டார்கள். மூடா ஆற்றுப் பாலம் வரும் வரைக்கும் என் மனைவி ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் வீடு எங்க இருக்குன்னு தெரியுமாங்க?" என்று மட்டும் கேட்டார். தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து அரைக் கட்டை. தினமும் அந்த வழியாகத்தான் நான் காடியில் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி. முதல் வேலையாக ஒன்பது பேருக்கும் புதுக் கட்டுரைப் புத்தகம் கொடுத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வகுப்பு முழுக்க மீன் வாசம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இடைவேளையில் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டேன். திட்டப் போகிறேன் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அன்னைக்குப் பாட்டிக்குச் சோறு போட்டியே, நீ சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அம்மா வந்தப்புறம் சாப்பிட்டேன் சார்" என்றான்.

அம்மா எத்தனை மணிக்கு வருவார் என்றேன். எட்டு மணிக்கு என்றான். இராத்திரி எட்டு. சனிக்கிழமைகளில் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை. அப்பா வெளியூர் லோரி ஓட்டுகிறார், மாதத்தில் சில நாள்தான் வீடு. இரண்டு மாதத்துக்கு முன் பாட்டிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. இதையெல்லாம் ஏன் கட்டுரையில் எழுதவில்லை என்று கேட்டேன். "நீங்க விடுமுறையைப் பத்தித்தானே சார் எழுதச் சொன்னீங்க? எனக்கு விடுமுறை இல்ல சார்" என்றான். குறை சொல்வது போல் சொல்லவில்லை. கணக்குக்கு விடை சொல்வது போலச் சொன்னான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் என் மனைவியும் அவன் வீட்டுக்குப் போனோம். கறி நாங்கள் கொண்டு போனோம். இந்தத் தடவை தூக்குச் சட்டி என் மனைவியின் மடியில்தான் பயணம் செய்தது! சோறு அவன் ஆக்கினான். வாத்தியார் வந்திருக்கிறார் என்ற பதற்றத்தில் தண்ணீர் கூடிப்போய், சோறா கஞ்சியா என்று சொல்ல முடியாதபடி குழைந்துவிட்டது. "இதுதான் எனக்கு மெல்ல முடியும், நல்லாருக்கு" என்று பாட்டி படுக்கையிலிருந்து சொன்னார். நாங்களும் சாப்பிட்டோம். அவனும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

பெரிய காரியம் எதையும் நான் செய்துவிடவில்லை. சமூக நல இலாகாவுக்குப் பாட்டியின் உதவித் தொகைக்கு மனுப் பாரம் நிரப்பிக் கொடுத்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர், சனிக்கிழமைகளில் முறை வைத்துப் பாட்டியைப் பார்த்துக்கொள்ள முன்வந்தார்கள். "எங்களுக்கும் தெரியும் சார், கேட்டா தப்பா நெனைப்பாங்களோன்னு இருந்துட்டோம்" என்றார்கள். பாருங்கள், ஒருவருக்கொருவர் தப்பாக நினைப்பார்களோ என்று நினைத்தே எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் தனியாக அடுப்புப் பற்ற வைக்கிறார்களோ!

இரண்டு வாரம் கழித்து அவன் கட்டுரையை மறுபடியும் எழுதிக் கொடுத்தான். நான் கேட்கவில்லை, அவனாகவே எழுதினான். இரண்டரைப் பக்கம். அரிசி எத்தனை தடவை கழுவ வேண்டும், அரிசிக்கு மேலே விரலின் முதல் கணு வரைக்கும் தண்ணீர் நிற்க வேண்டும் என்று பாட்டி படுத்துக்கொண்டே எப்படி விரலைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார், முதல் நாள் எப்படி அடிப்பிடித்தது, கருகியதைச் சுரண்டி அவன் எப்படி ஒளித்து வைத்தான், பாட்டி எப்படிக் கண்டுபிடித்தார் எல்லாம் எழுதியிருந்தான். 'பாட்டி சாப்பிட்டார்' என்று ஒரு தடவை கூடத் தவறாமல் எழுதியிருந்தான். என் திருத்தத்தை அவன் மறக்கவில்லை. பழைய புத்தகத்தை அவனிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். கறிக்கறை இன்னும் இருக்கிறது.

அந்த மாணவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். அவனையும் அவன் அம்மாவையும் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன். பாட்டி இப்போது தடியூன்றி வாசல் வரை நடக்கிறார். நிபோங் திபாலில் என் பெரியம்மாவும் இருக்கிறார். போன் போட்டால் என் சுகத்தைக் கேட்பதற்கு முன், "அந்தப் புள்ள சாப்பிட்டுச்சா?" என்றுதான் கேட்பார்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வு நாள் என்பது ஓய்வுக்குத்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் மாதத்தில் ஒரு தடவையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உறவு வீட்டுக்குப் போங்கள். வழியில் டயர் பஞ்சர் ஆகும், கறி கொட்டும், பெட்டி மாறும். ஆகட்டும்! என் பெரியம்மா வீட்டுக்கு நான் ஒழுங்காகப் போயிருந்தால், கறியைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பியிருப்பேன். புத்தகம் நனைந்ததால்தான் உட்கார்ந்தேன், உட்கார்ந்ததால்தான் கேட்டேன். அடுத்த வீட்டிலும் கதவைத் தட்டிக் கேளுங்கள். தப்பாக நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

மாணவச் செல்வங்களே, இன்று இந்த மேசையில் கணக்குக்குக் கோப்பை இருக்கிறது, மொழிக்குக் கோப்பை இருக்கிறது, ஓட்டப் பந்தயத்துக்கும் இருக்கிறது. வாங்கப் போகிறவர்களுக்கு என் வாழ்த்துகள். சோறு ஆக்கியதற்குக் கோப்பை இல்லை. தம்பியைத் தூக்கியதற்கும் பாட்டிக்கு மருந்து கொடுத்ததற்கும் கோப்பை இல்லை. ஆனால் அவை ஒன்றும் இல்லாதவை என்று நினைத்து, "எங்கும் போகவில்லை, ஒன்றும் நடக்கவில்லை" என்று எழுதிவிடாதீர்கள். எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் வாத்தியாரிடம் வந்து சொல்லுங்கள்.

என் சக ஆசிரியர்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் செய்வதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இப்போதெல்லாம் கட்டுரைப் புத்தகத்தில் சிவப்புப் பேனாவை வைப்பதற்கு முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு, அதை ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பார்க்கிறேன். என் மனைவி வெளியிலிருந்து, "யாருகிட்டங்க பேசுறீங்க?" என்று கேட்பார்.